எம்பராசாதா என்று சொன்ன என் மருமகளுக்கு

சிவமயம்

தேவகோட்டை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாயுடன் பிறந்த அம்மான் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். நீ ஸ்பானிஷ் படிப்பை நிறுத்திவிடப் போவதாக நேற்று இரவு உன் ஆத்தா தொலைபேசியில் சொல்லி வருத்தப்பட்டார்கள். கானாடுகாத்தானில் நீ வேலை பார்க்கும் விடுதிக்கு வந்த ஸ்பெயின் நாட்டு அம்மையார் ஒருவருக்கு அறைச் சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தச் சங்கடத்தைச் சொல்ல நினைத்து ‘எஸ்தோய் எம்பராசாதா’ என்றாயாம். அவர் உன் இரு கைகளையும் பற்றிக்கொண்டு வாழ்த்துச் சொல்லி, எத்தனை மாதம் என்று கேட்டாராம். கல்யாணமாகாத பெண் முகப்பில் நின்றுகொண்டு தான் கருவுற்றிருப்பதாக அறிவித்ததை உடன் வேலை செய்பவர்கள் இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களென்றும், நீ அழுதாயென்றும் கேள்விப்பட்டேன். நம் பக்கத்து விடுதிகளில் உன்னைப் போல் இம்மொழியைக் கற்கும் பிள்ளைகள் வேறு சிலரும் இருப்பதால், உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ அழுததற்குக் காரணம் உன் அறிவுக் குறைவன்று, நீ போன வழி. ‘எம்பாரஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே சாயலில் இருந்த ஸ்பானியச் சொல்லை எடுத்தாய். இரண்டும் தடை, இடையூறு என்னும் பொருள்கொண்ட ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதாம். ஆனால் ஒரு வீட்டில் பிறந்த இருவர் வேறு வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டால் இருவர் வீட்டுச் சமையலும் ஒன்றாகவா இருக்கும்? சென்ற மாதம் விருந்தினர் ஒருவர் தாம் ‘கொன்ஸ்திபாதோ’ என்று சொன்னதும், மலச்சிக்கல் என்று எண்ணி நீங்கள் வெந்நீரும் மலைவாழைப்பழமும் அனுப்பினீர்கள் அல்லவா? ஸ்பெயினில் அச்சொல்லுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். சளி பிடித்தவருக்கு வாழைப்பழம் கொடுத்தது தெரிந்தால் உன் ஆயா என்ன சொல்லியிருப்பார்களோ! பிறகொரு நாள் வீட்டின் நடுமுற்றமான வளவையும் அதன் பின்னுள்ள இரண்டாங்கட்டையும் தாண்டி வழி தவறி நின்ற ஒரு தம்பதியருக்கு, பின் தெருவில் திறக்கும் வாசலைக் காட்டி ‘எக்சித்தோ அங்கே இருக்கிறது’ என்று சொல்லியிருக்கிறாய். ‘எக்சித்தோ’ என்றால் வெற்றி, வெளியேறும் வழிக்கு ‘சாலிதா’ என்று பெயர். இரண்டு தெருவுக்கு நீளும் நம் செட்டிநாட்டு வீட்டில் வாசலைக் கண்டுபிடிப்பதே ஒரு வெற்றி என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

மூன்று பிழைகளும் ஒரே கதவு வழியாக வந்தவை. உன் கைபேசிப் பாடம் ஸ்பானியத்தை ஆங்கிலத்தில் விளக்குகிறது, நீ அதைத் தமிழில் புரிந்துகொண்டு மறுபடி ஆங்கிலம் வழியாகவே திரும்பிப் போகிறாய். நான் மெக்சிகோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்கும் இதுவே நேர்ந்தது. சாப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல விரும்பி, ஆங்கிலத்தின் ‘ஐ லைக்’ என்பதை அப்படியே மாற்றி ‘யோ குஸ்தோ’ என்றேன். நான் மற்றவர்களுக்குப் பிடித்தமானவன் என்று நானே சொல்லிக்கொண்டதாக அது ஆகிவிட்டது. வீட்டுக்கார அம்மா சிரிக்காமல் ‘மே குஸ்தா’ என்று திருத்தினார். ‘மே’ என்றால் எனக்கு, ‘குஸ்தா’ என்றால் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கிறது! அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. பிறந்தது முதல் நான் பேசிவரும் வாக்கியத்தை அந்தப் பெண்மணி என்னிடம் திருப்பிக் கொடுத்ததாகவே உணர்ந்தேன்.

இதை நீ பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் விரும்புகிறவன் ‘நான்’ என்று எழுவாயாக முன்னால் வந்து நிற்கிறான். தமிழிலோ பிடித்த பொருள் எழுவாயாகிறது, மனிதன் நான்காம் வேற்றுமை ஏற்று ‘எனக்கு’ என்று நிற்கிறான். ஸ்பானியமும் அப்படித்தான். ‘மே துவேலே லா கபேசா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எனக்கு வலிக்கிறது தலை என்று வரும். ஆங்கிலத்தில் ‘மை ஹெட் இஸ் பெயினிங்’ என்று எழுதி நான் பள்ளியில் குட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்தத் தமிழ் அமைப்பே ஸ்பானியத்தில் நேர் வழி. மரியாதையும் அவ்வாறே. ஆங்கிலம் எல்லாரையும் ஒரே ‘யூ’வில் அடக்கிவிடுகிறது, ஸ்பானியத்தில் நீ என்பதற்கு ‘தூ’, நீங்கள் என்பதற்கு ‘உஸ்தெத்’ என இரண்டு உண்டு. இக்காலத்து ஸ்பெயினில் ‘தூ’ தாராளமாகப் புழங்கினாலும், வயதில் மூத்த விருந்தினரிடம் ‘உஸ்தெத்’ என்று தொடங்குவதே நமக்கு அழகு.

ஒலியிலும் உனக்குக் கை கொடுப்பது தமிழே. ஆண்டு என்பதற்கு ‘ஆஞோ’ என்ற சொல்லைப் படித்திருப்பாய். ஆங்கில எழுத்தில் அந்த ஞகரத்துக்குத் தனியிடம் இல்லாததால் பலர் அதை ‘ஆனோ’ என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் உடம்பில் சபையில் பெயர் சொல்லக் கூடாத ஓர் இடத்தைக் குறிக்கும். தன் வயதைச் சொல்லும்போது இந்தப் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீயே ஊகித்துக்கொள். ஞாயிறு என்று சொல்லத் தெரிந்தவளுக்கு இதில் என்ன தடை? ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்று வல்லினமாக உருட்டினால் நாய். கரிக்கும் கறிக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சில் நம் பக்கம் தொலைத்துவிட்டோம், குமரி மாவட்டத்தில் இன்னும் காதால் கேட்கலாம், எழுத்தில் நாம் எல்லாருமே காப்பாற்றி வருகிறோம். உன் அப்பத்தா ‘இஸ்கூல்’, ‘இஸ்டேசன்’ என்று சொல்வதைக் கேட்டு நீங்கள் சிறு வயதில் சிரிப்பீர்களே, ஸ்பெயின்காரர்களுக்குப் பள்ளி ‘எஸ்குவேலா’, நிலையம் ‘எஸ்தாசியோன்’. சகர மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல்லைத் தொடங்குவதை அவர்கள் நாவும் ஏற்பதில்லை.

நீ மாற்றிக் கொடுத்தாயே, அந்தச் ‘சாவி’யே போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். அதன் உடன்பிறப்பு ஸ்பானியத்தில் ‘யாவே’. மேசை அங்கே ‘மேசா’, அலமாரி ‘ஆர்மாரியோ’. உங்கள் விடுதியின் பட்டாலைக் கூடத்தில் நின்று சுற்றிப் பார், பாதிப் பாடம் அங்கேயே கிடக்கிறது.

ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன உன் பாட்டனார், என் தகப்பனார், பெட்டியடிப் பையன் என்னும் இளம் ஊழியராகக் கடையில் உட்கார்ந்தபோது அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. கேட்ட பர்மியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே தமிழ்ப் பொருளையும் எழுதி வைத்துக்கொண்டார்கள். நடுவில் மூன்றாவது மொழி தரகு பேசவில்லை. ஆங்கிலத்தின் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை, அதுதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள ஒரு மொழிக்குப் போக நமக்கு வேறொருவர் வீட்டு நடை எதற்கு?

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. உயர்திணை, அஃறிணை என்று பகுத்துப் பழகிய நமக்கு மேசை பெண்பால் என்பது விளங்காது, அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதும் அவ்வாறே. மெக்சிகோவில் ‘பாபா’ என்பதன் முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு, கடைசி அசையை அழுத்தினால் அப்பா. அப்பச்சி ஊருக்கு வருகிறார் என்று சொல்லப்போய் உருளைக்கிழங்கை வரவழைத்த நம்மவர்கள் உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கானாடுகாத்தானுக்கு வருகிறேன். புதுக் குறிப்பேடு ஒன்று வாங்கி, ஒரு பக்கம் ஸ்பானியம், எதிர்ப் பக்கம் தமிழ் என்று கோடு போட்டு வை. அந்த அம்மையார் ஊருக்குப் போனபின் உன் உடல்நலம் கேட்டு எழுதியிருக்கிறார் என்றும், நீ இன்னும் பதில் போடவில்லை என்றும் உன் ஆத்தா சொன்னார்கள். அன்று நீ சொல்ல நினைத்ததற்கு ஸ்பானியத்தில் ‘மே தா வெர்குவென்சா’ என்று பெயர். எனக்கு வெட்கத்தைத் தருகிறது என்பது அதன் நேர்ப்பொருள், இங்கும் ‘எனக்கு’தான் முன்னால் நிற்கிறது. அந்த வரியைப் போட்டு, நடந்ததைச் சொல்லி, நான் வருவதற்கு முன்பே அவருக்குப் பதில் எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மான்