கேசட்டில் பதியாமல் போன கடைசி அரை நிமிடம்

திருச்சி,
ஐப்பசி கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாளே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாளானதற்கு அம்மாவின் கண் அறுவை சிகிச்சைதான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை, தலைக்குக் குளிக்கக் கூடாது, அடுப்பருகே போகக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. இப்போது தினசரி நாட்காட்டியில் ராகு காலத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாள். உன்னைப் பற்றி இரண்டு முறை விசாரித்தாள். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது, எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தாள். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வாழ்நாளுக்கு ஐந்தே ஐந்து ஆல்பங்கள்தான் என்றால் எவற்றை எடுப்பேன் என்று கேட்டிருந்தாய். உன் பட்டியலில் எல்லாம் இங்கிலாந்து ராக் குழுக்கள். டீப் பர்ப்பிளுக்கு இரண்டு இடம்; பிளாக் சாபத், லெட் செப்பெலின், பிங்க் ஃப்ளாய்ட் மூன்றுக்கும் ஒவ்வொன்று. அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு பட்டியல் எழுதி அனுப்பியிருப்பேன். 'பிங்க் ஃப்ளாய்ட் என்றால் கில்மோரின் கிதார்தான், மற்றவையெல்லாம் பக்கவாத்தியம்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாய். முப்பத்தெட்டு வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதத்திலிருந்து நினைக்கவில்லை.

1987இல் நீ எனக்குப் பதிவு செய்து கொடுத்த கேசட் நினைவிருக்கிறதா? டிடிகே டி-90. வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது கிடைத்தது. அட்டையில் ஊதா மையில் உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது. உன் அத்தை மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த இரண்டு பிங்க் ஃப்ளாய்ட் ரெக்கார்டுகள். முன்பக்கம் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', பின்பக்கம் 'விஷ் யூ வேர் ஹியர்'. ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். இரண்டாவது ஆல்பம் 44 நிமிடத்துக்குச் சற்று மேலே. நடுவில் ரெக்கார்டைத் திருப்பிப் போட நீ எடுத்துக்கொண்ட நேரத்தில் நாடா கொஞ்சம் ஓடிவிட்டதால், கடைசி அரை நிமிடம் பதியவில்லை. இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று பொத்தான் மேலே எழும்பும். விடுதி அறையில் விளக்கணைத்துவிட்டுப் படுத்தபடி கேட்ட அத்தனை இரவுகளும் நமக்கு அந்த 'டக்'கோடுதான் முடிந்தன.

பிற்பாடு சி.டி. வாங்கினேன். ஆனால் அந்தக் கடைசிப் பகுதி வரும்போதே காதில் பழைய 'டக்' விழுந்துவிடும். எழுந்து போய்விடுவேன். போன மாதம் அம்மாவை அறுவை சிகிச்சை அறைக்குள் அழைத்துப் போன பிறகு, வராந்தா நாற்காலியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக இடமில்லை. ஆல்பம் முடியும் வரை கேட்டேன். ஒலி தேய்ந்து மறையப் போகும் நேரத்தில், சின்தசைசரில் வேறொரு மெட்டின் சில சுரங்கள் வந்து போயின. தெரிந்த மெட்டு. 1967இல் பிங்க் ஃப்ளாய்டுக்காக சிட் பாரெட் எழுதிய 'சீ எமிலி ப்ளே'. மாப்பிள்ளை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் தாயாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஏன் கலங்கியது என்று சொல்ல வேண்டுமானால் பாரெட்டிலிருந்து தொடங்க வேண்டும். பிங்க் ஃப்ளாய்டுக்குப் பெயர் வைத்தவர், முதல் ஆல்பத்தின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர். போதைப் பழக்கத்தாலும் மனக்குலைவாலும் மேடையில் நின்று வாசிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். 1968இல் அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். ஏழு வருடம் கழித்து, அந்த இழப்பைப் பற்றியே 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்துக்காக 'ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்' என்ற ஒன்பது பகுதிப் படைப்பைச் செய்தார்கள். 1975 ஜூன் 5 அன்று லண்டன் அபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் அந்தப் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த, உடல் பெருத்த ஓர் ஆள் உள்ளே வந்து நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் பாரெட் என்று புரிந்தபோது, குழுவுக்குப் பாட்டு வரிகள் எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். யாரைப் பற்றிப் பாடினார்களோ அவரே எதிரில் வந்து நின்றும் யாரென்று தெரியாமல் போனது. இதை நூறு முறை படித்திருக்கிறேன். இப்போது எழுதும்போதும் கை நின்று நின்றுதான் போகிறது.

ஆல்பத்தை முடித்து வைக்கும் அந்த ஒன்பதாவது பகுதியை எழுதியவர் குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், அவர் மட்டும். கில்மோர் இல்லை, வாட்டர்ஸ் இல்லை. சொற்களும் இல்லை. வாட்டர்ஸ் வரிகளில் பாரெட்டைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ரைட் கூப்பிடவில்லை, பாரெட்டின் மெட்டையே எடுத்து, காதில் விழுந்தும் விழாமலும் கடைசியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நம் கேசட்டில் இல்லாமல் போனது சரியாக அந்த இடம்தான்.

அன்றிலிருந்து இந்த ஆல்பங்களையெல்லாம் ரைட்டின் பக்கத்திலிருந்து திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'ஷைன் ஆன்' தொடக்கத்தையே எடுத்துக்கொள். முதலில் ஒரு ஜி மைனர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மெல்ல மூடுபனி போல ஏறி வந்து, அசையாமல் நிற்கும். அதனூடே கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈர விரலால் தேய்த்த ஓசையும் கலந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்யப் பார்த்துக் கைவிட்டபோது மிஞ்சிய பதிவு அது. நம் ஊரில் தம்புரா சுருதியைப் பரப்பி வைப்பதைப் போல, ரைட் பரப்பி வைக்கிறார். கில்மோர் அதன்மேல் நடந்து வருகிறார். ஏறத்தாழ நான்காவது நிமிடத்தில்தான் அந்த நான்கு சுரங்கள். பாட்டுக் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அந்த நான்கு சுரங்களை உன் அம்மாவின் பஜனை ஆர்மோனியத்தில் தேடினோமே, ஒரு மதியம் முழுக்க! நான்காவதை நீதான் கண்டுபிடித்தாய். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் க, நி, ச, த, கரகரப்பிரியா ராகத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அடியில் ஒலிக்கும் மைனரைக் கேட்டுப் பழகிய காது நடபைரவி ராகத்தின் தைவதத்தை எதிர்பார்த்திருக்கிறது. அங்கே அதைவிடச் சற்றே உயர்ந்த சதுச்ருதி தைவதம் வந்து தொங்கலில் நின்றுவிடுகிறது. யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பதுபோல. இந்தச் சுரங்கள் கில்மோருடையவை, அதை மறுக்கவில்லை. ஆனால் அடியில் ரைட் அந்த நீண்ட அமைதியைப் பிடித்து வைத்திருக்காவிட்டால், நான்கும் வெறும் கிதார் வித்தையாகப் போயிருக்கும்.

'டார்க் சைட்' விஷயத்திலும் இதுதான். 1973இல் வந்தது, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை 741 வாரங்கள் இருந்தது. எல்லோரும் காசு குலுங்கும் 'மனி'யைச் சொல்வார்கள். எனக்கு அந்த ஆல்பத்தின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது, இரண்டும் ரைட்டின் இசை. ஒன்று, 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. சாவைப் பற்றிய பாட்டு, ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை. ரைட்டின் பியானோமேல் கிளேர் டாரி என்ற பாடகி, 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, குரலை வாத்தியமாக்கிக் கதறிவிட்டு, 30 பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு போனார். அவருக்கும் அந்த இசையில் பங்குண்டு என்ற உரிமை 2005இல்தான் கிடைத்தது. மற்றது, 'அஸ் அண்ட் தெம்'. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ஒரு படத்துக்காக ரைட் போட்ட மெட்டு. இயக்குநர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில வருடம் சும்மா கிடந்து, பிறகு இந்த ஆல்பத்தில் வந்து சேர்ந்தது. ரைட் ஜாஸ் ரசிகர். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வில் கேட்ட ஒரு கார்டைத்தான் 'பிரீத்' பாட்டில் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ராக் இசைக்குள் அந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று நாம் அடிக்கடி பேசுவோமே, விடை அங்கே இருக்கிறது.

பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதே. 1977இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்திலேயே ரைட்டின் பெயரில் ஒரு பாட்டுகூட இல்லை. 1979இல் 'தி வால்' ஒலிப்பதிவின்போது அவரைக் குழுவிலிருந்து விலகச் சொல்லிவிட்டார்கள். ரைட் அப்போது சோர்ந்து போயிருந்தார், மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது, கொண்டுவந்த புது இசையும் குறைவு. வாட்டர்ஸ் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு அந்த ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளுக்கு அவரையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சிகளில் நஷ்டம் வந்து, சம்பளக்காரரான ரைட்டுக்கு மட்டும் கையில் பணம் மிஞ்சியது என்பதை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் தான் கட்டிய வீட்டில் கூலிக்கு நின்ற மனிதர் அவர். 'தி வால்' பெரிய படைப்புத்தான். ஆனால் எல்லா இடத்தையும் சொற்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. காற்று வர ஒரு ஜன்னல் இல்லை. ரைட் அடியோடு இல்லாத 'த ஃபைனல் கட்' ஆல்பத்தை இரண்டு முறைக்கு மேல் என்னால் கேட்க முடிந்ததில்லை.

உன் டீப் பர்ப்பிளையே யோசித்துப் பார். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் நீ கிதாரின் உறுமல் என்று சொல்வதில் பாதி ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன். கிதார் கலைஞர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஒலிபெருக்கி வழியாக அவர் ஆர்கனைச் செலுத்தினார், அதனால்தான் அது கிதாரோடு சரிக்குச் சரி நின்று மோதுகிறது. செப்பெலினில் ஜான் பால் ஜோன்ஸ். 'நோ குவார்ட்டர்' கேட்கும்போது ஜிம்மி பேஜின் கிதாரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு அவரது கீபோர்டை மட்டும் பின்தொடர்ந்து பார்.

பிளாக் சாபத் விஷயத்தில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் வலக்கை விரல் நுனிகள் இரண்டை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே செய்த நுனிகளை மாட்டிக்கொண்டு வாசித்த கிதாருக்கு முன்னால் நான் என்ன வாதாட முடியும்? 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் எழுந்து நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடி விடைபெற்ற அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன், ஜூலை 22ஆம் தேதி போய்விட்டார். அன்றிரவு நீ தொலைபேசியில் பேசாமலே இருந்தாயே, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ரைட் 2008 செப்டம்பர் 15 அன்று 65 வயதில் இறந்தார். அப்போது நான் செய்தித்தாளில் ஒரு பத்தி படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இப்போது நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2005 ஜூலையில், லண்டன் ஹைட் பார்க்கில் பிங்க் ஃப்ளாய்டின் நான்கு பேரும் ஒரே மேடையில் வாசித்த ஒளிப்பதிவை மறுபடி பார்த்தேன். மற்றவர்கள் முன்னால் நிற்கிறார்கள். ரைட் வழக்கம்போல ஓரத்தில், கீபோர்டுகளுக்குப் பின்னால் இருக்கிறார். அவர் கடலையும் பாய்மரப் படகையும் நேசித்தவர். 2015இல் கில்மோர் அவர் நினைவாக ஒரு பாட்டு செய்தார், 'எ போட் லைஸ் வெயிட்டிங்'. அதில் ரைட்டின் பேச்சுக் குரல் கொஞ்சம் கேட்கும். கேட்டுப் பார், கில்மோருக்கே தெரிந்திருக்கிறது.

ஐந்து ஆல்பம் கேட்டாய். முதல் இடத்துக்கு 'விஷ் யூ வேர் ஹியர்' என்று எழுதிக்கொள். இரண்டாவது, 23 நிமிட 'எக்கோஸ்' இருக்கும் 'மெடில்'. சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக வரும் ரைட்டின் ஒற்றைப் பியானோச் சுரம், கிணற்றில் சொட்டும் நீர்த்துளிபோல, அதில்தான் அந்தப் பாட்டே பிறக்கிறது. மற்ற மூன்றையும் நீ வந்த பிறகு பேசி முடிவு செய்யலாம்.

பொங்கலுக்குக் கட்டாயம் குடும்பத்தோடு வா. நம் பழைய டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்து போயிருந்தது. மாற்றக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உன் கேசட்டையும் வெயில் படாமல் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் ஒரு நாள் ராத்திரி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தக் கடைசிப் பகுதியைக் கேள். 'டக்' என்று நிற்கும் இடம் தாண்டியதும் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள். மிக மெல்லியதாகத்தான் வரும்.

தங்கைக்கு என் அன்பு. மகளுக்கு ஆசிகள். தோளை மருத்துவரிடம் காட்டிவிட்டு எழுது.

என்றும் உன்,
அறைத்தோழன்