புல்மோட்டை மணலில் நான்கு விசைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார மாணவர் பக்கத்தில் அணுவின் அமைப்பு பற்றி வந்த கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் நேர் ஏற்றமுள்ள கருவை இலத்திரன்கள் சுற்றுகின்றன என்பதோடு நின்றுவிட்டது. ஒரே ஏற்றமுள்ள புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளுமே, கரு ஏன் சிதறவில்லை? கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கேட்கும் கேள்வி இது. அதற்கு விடை சொல்லாமல் அணுவைப் படிப்பிக்கக் கூடாது.

எங்கள் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அதையும், இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளையும் விளக்க, எங்கள் கடற்கரையிலுள்ள புல்மோட்டைக் கனிய மணலே போதும். பாறைகள் தேய்ந்து வந்த மணலில் பாரமான மணிகள் கரையிலே தங்க, பாரம் குறைந்தவற்றை அலை அள்ளிப் போகிறது. அது ஈர்ப்பு விசையால் நடப்பது. இல்மனைற்று என்ற இரும்பு கலந்த கனியத்தைக் காந்தத்தால் பிரிக்கிறார்கள். அது மின்காந்த விசை. மற்ற இரண்டு விசைகளும் அதே மணலில் சிறிதளவாக உள்ள மொனசைற்று என்ற கனியத்திலுள்ள, கதிர்வீசும் மூலகமான தோரியத்துக்குள் இருக்கின்றன.

தோரியக் கருவில் 90 புரோத்தன்கள், 142 நியூத்திரன்கள். இவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது வன்கருவிசை. மின் தள்ளுகையைவிட ஏறத்தாழ 100 மடங்கு வலியது, ஆனால் பக்கத்திலிருப்பதை மட்டுமே பிடிக்கும். மின் தள்ளுகையோ கரு முழுவதும் எட்டும். அதனால்தான் இவ்வளவு பெரிய கரு நிலைத்திருக்க முடிவதில்லை. இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் சேர்ந்த அல்பாத் துணிக்கை ஒன்று வன்கருவிசையின் பிடியைத் தாண்டியதும், மின் தள்ளுகை அதை வேகமாக வெளியே விரட்டிவிடுகிறது. மிஞ்சுவது ரேடியம். அதன் கருவில் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி, இலத்திரனையும் எதிர்நியூத்திரினோ என்ற மிகச் சிறிய துணிக்கையையும் வெளிவிடுகிறது. இதுதான் பீற்றாச் சிதைவு. இதைச் செய்வது மென்கருவிசை. பாடங்களில் பெயரோடு கடந்துபோகும் இந்த விசை இல்லாவிட்டால் சூரியனே இப்படி எரியாது. ஆறு அல்பா, நான்கு பீற்றாச் சிதைவுகளுக்குப் பிறகு தோரியம் ஈயமாகி ஓய்கிறது.

தோரியத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது அதில் பாதி சிதைய எடுக்கும் காலம், சுமார் 1400 கோடி ஆண்டுகள். பூமிக்கு வயது 450 கோடி ஆண்டுகள்தான். தொடக்கத்தில் இருந்ததில் ஐந்திலொரு பங்குதான் இதுவரை சிதைந்திருக்கிறது. பூமியின் உள்வெப்பத்தில் பெரும் பங்கு இத்தகைய சிதைவுகளால் வருவது என்பதைக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சொல்லலாம்.

எனவே நான்கு விசைகளையும் பற்றி, 10ஆம், 11ஆம் தர மாணவருக்குப் புரியும்படி, படங்களுடன் ஒரு தொடர் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மணலை அள்ளி வரச் சொல்லத் தேவையில்லை. நல்ல படமும் விளக்கமும் போதும்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.