வடிவத்தைத் தீர்மானித்தது செவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெர்லின் பில்ஹார்மனி இசையரங்கம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, அதன் பொன்னிறப் புறத்தோற்றத்தை வியப்பதிலேயே பெரும்பகுதியைச் செலவிட்டிருந்தது. 1963 அக்டோபர் 15 அன்று இசைக்குழு நடத்துநர் கரயான் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்த அரங்கம் திறக்கப்பட்டபோது அந்தப் பொன்னிறத்தைத் தரும் வெளிச்சுவர்த் தகடுகளே கிடையாது; வண்ணம் பூசிய கான்கிரீட்தான் இருந்தது.

கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷரூன், எங்கே இசை எழுந்தாலும் மக்கள் தாமாகவே சுற்றி நின்று கேட்கிறார்கள் என்று வாதிட்டு, இசைக்குழுவை ஏறத்தாழ மண்டபத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒலியியல் வல்லுநர் லோதர் கிரேமர் தொடக்கத்தில் இதற்கு உடன்படவில்லை என்பதைக் கட்டுரை விட்டுவிட்டது. அவருடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. பாடகரின் குரலும் டிரம்பெட்டின் ஒலியும் முன்னோக்கியே பாய்பவை. தவிர, பழைய செவ்வக மண்டபங்களில் ஓசையை உடனுக்குடன் கேட்போரிடம் திருப்பியனுப்பிய நெருக்கமான பக்கச் சுவர்கள் இத்தனை அகன்ற மண்டபத்தில் இருக்க வழியில்லை. எனவே ஏறத்தாழ 2,400 இருக்கைகளையும் ஒரே சரிவில் அடுக்காமல், மலைச்சரிவின் திராட்சைத் தோட்டம் போல வெவ்வேறு உயரமுள்ள பாத்திகளாகப் பிரித்து, ஒரு பாத்தியைத் தாங்கும் சுவரே பக்கத்துப் பாத்திக்கு ஒலியைத் திருப்பித் தரும்படி அமைத்தார்கள். கூடாரம் போன்ற கூரையும் அழகுக்காக மட்டும் வந்ததன்று: குவிமாடம் ஒலியை ஓரிடத்தில் குவித்துக் கெடுக்கும், கீழ்நோக்கிப் புடைத்த இந்தக் கூரையோ அதைச் சிதறடித்துப் பரப்பும்.

குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேடைக்குப் பின்னால் அமர்பவருக்கு நடத்துநரின் முகத்தைக் காணும் பேறு கிட்டும். பாடகரின் சொற்கள் மட்டும் தெளிவாக வந்து சேரா.

வரலாற்றைப் பொறுத்தவரை ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1944 ஜனவரியில் குண்டுவீச்சில் அழிந்த பழைய அரங்குக்கு மாற்றாக எழுந்த இதற்கு, கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்த நகரம் என்றாவது ஒன்றாகும் என்ற நம்பிக்கையில் மையப் பகுதியை ஒட்டி 1960இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மறு ஆண்டே அருகில் பெர்லின் சுவர் எழும்ப, மையத்துக்கென்று எண்ணிய கட்டடம் மேற்கு பெர்லினின் விளிம்பில் நின்றது.

டோக்கியோவின் சன்டோரி முதல் ஹாம்பர்க்கின் எல்ப் பில்ஹார்மனி வரை இதே பாத்தி அமைப்பைப் பின்பற்றிய அரங்குகள் பல. அவற்றைப் பற்றி எழுதும்போதாவது கட்டடக் கலைஞருடன் ஒலியியல் வல்லுநரின் பெயரையும் குறிப்பிட்டு, முகப்புப் படத்துடன் மண்டபத்தின் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்