எல்லைக்கல்லை ஆற்றங்கரையில் நடுங்கள்

சுண்டிக்குளம் தேசியப் பூங்காவின் எல்லைக்கும் கனகராயன் ஆற்றின் கரைக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுண்டிக்குளத்தைக் காக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் வழக்கில்லை. 1938இல் பறவைகள் சரணாலயமான இடம் அது. 2015 ஜூனில் அது தேசியப் பூங்காவானதை நான் வரவேற்கிறேன். மாரியில் பூநாரைகள் வந்திறங்கும் அந்தக் களப்பு எங்கள் பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் களப்பை வாழவைப்பது ஆறு. வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பிய பிறகே கனகராயன் ஆறு சுண்டிக்குளத்தை அடைகிறது. முகத்துவாரத்துக்குக் காவல் போட்டுவிட்டு மேலாற்றைக் கைவிட்டுவிட்டோம்.

கோடையில் ஒருநாள் ஆற்றுக்குள் இறங்கி நடந்து பாருங்கள். மேலே நீர் இருக்காது. மணலைக் கையால் தோண்டினால் ஊறும். காட்டு விலங்குகளும் அந்த ஊற்றைத் தேடித்தான் இரவில் வருகின்றன. இரு கரையிலும் நிற்கும் மருத மரங்கள் அந்த ஈரத்தை நம்பியே கோடையைக் கடக்கின்றன. டிப்பர்கள் மணலை அள்ளிய இடங்களில் ஆற்றின் படுக்கை தாழ்ந்து போயிருக்கிறது. முன்பு மண்ணுக்குள் இருந்த மருத வேர்கள் ஆளுயரத்தில் அந்தரத்தில் தொங்குகின்றன. அடுத்த வெள்ளத்தில் கரை இடிகிறது, மரம் சாய்கிறது, இடிந்த மண் குளத்துக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்குகிறது. மருதங்கன்று நட்டு இதைச் சரிக்கட்டலாம் என்று சொல்லாதீர்கள். ஈரமில்லாத கரையில் எந்தக் கன்று பிடிக்கும்?

இன்னொரு பக்கம் மாட்டுப் பட்டிக்காரர்களைப் பாருங்கள். மாரிகால நெல்லான காலபோகம் விதைத்துவிட்டால் வயற்பக்கம் மாடுகளை விட முடியாது. அறுவடை முடியும்வரை காடும் தரவை எனும் புல்வெளியும்தான் கதி. பூங்காவாக அறிவித்த நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தை நான் குறை கூறவில்லை. தலைமுறை தலைமுறையாக மேய்ந்த புல்வெளிக்கு மாற்று இடம் காட்டாமல் எல்லைக்கல் நட்டால், மாட்டுக்காரர் எங்கே போவார் என்றுதான் கேட்கிறேன். பகலில் மாட்டோடு நடக்கும் மனிதரை மறிக்கிற காவல், இரவில் ஆற்றுக்குள் இறங்கும் டிப்பரை மறிக்கவில்லை. எங்களை நோகடிப்பது இதுதான்.

தரவையில் மரமில்லை என்பதற்காக அதை வெறுங்காணி என்று கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். மானும் முயலும் ஆட்காட்டிப் பறவையும் அந்தப் புல்லில்தான் பிழைக்கின்றன. அங்கே தேக்கு நடுவது காடு வளர்ப்பல்ல, புல்வெளியை அழிப்பது.

நீங்கள் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. ஆற்றின் இரு கரையிலும் மருதங்காட்டுக்கு ஒரு பட்டையை அளந்து, அதற்கு முதலில் கல் நடுங்கள். அதற்குள் மணல் அனுமதி எவருக்கும் வேண்டாம். அரச கட்டட வேலைக்கென்றாலும் வேண்டாம். ஆற்றுக்குள் வாகனம் இறங்கும் பாதைகள் எவை என்பது அந்தந்தக் கிராமத்தவருக்குத் தெரியும். கேட்டு அவற்றை வெட்டி மறியுங்கள். தரவைக்கு, எந்த மாதம் எத்தனை மாடு என்று பேசித் தீர்த்து, மாரிகால மேய்ச்சலுக்குச் சட்டத்துக்குள் ஒரு வழி எழுதிக் கொடுங்கள். பூங்கா எல்லைக்குள் அது முடியாதென்றால், எல்லைக்கு வெளியே மேய்ச்சல் தரையென ஒரு நிலத்தை வர்த்தமானியில் அறிவியுங்கள்.

இவற்றைக் கொழும்பில் வரைபடத்தின் மேல் முடிவு செய்யாதீர்கள். கமக்கார அமைப்புகளையும் பட்டிக்காரரையும் களப்பு மீனவரையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்து, அவர்களோடு கரை வழியே நடந்து எல்லையைக் குறியுங்கள். ஐப்பசியில் விதைப்புத் தொடங்கினால் எங்களில் பாதிப்பேர் வயலில் நிற்போம். ஆகவே புரட்டாதி முடிவதற்குள் அந்தக் கூட்டத்துக்கு நாள் குறித்து, கிராம அலுவலர்கள் மூலம் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கனகராயன் ஆற்றங்கரையில் வாழும் ஒருவர்