வாகன நிறுத்துமிடத்தின் சிமெண்டுக் கட்டையால் காரின் முன் பம்பர் பெயர்ந்தது குறித்த புகார்

அனுப்புநர்: மாதச் சந்தா வாடிக்கையாளர், பிறை, பினாங்கு
பெறுநர்: மேலாளர், வாகன நிறுத்துமிட நிர்வாக நிறுவனம், பாயான் பாரு, பினாங்கு
தேதி: 7 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். பாயான் பாருவில் தாங்கள் நிர்வகித்து வரும் வணிக வளாக வாகன நிறுத்துமிடத்தில் நான்கு ஆண்டுகளாக மாதச் சந்தா செலுத்திக் காரை நிறுத்தி வருகிறேன். கடந்த மார்ச் 12ஆம் தேதி, புதன்கிழமை மாலை, தரைத்தளத்தில் சுவரோரமாக உள்ள வரிசையிலிருந்து காரைப் பின்னோக்கி எடுத்தபோது, சக்கரத்தைத் தடுத்து நிறுத்தத் தாங்கள் புதிதாகப் பதித்திருக்கும் சிமெண்டுக் கட்டையில் முன் பம்பரின் கீழ்விளிம்பு மாட்டிக்கொண்டு இடப்பக்கமாகப் பெயர்ந்தது. மறுநாளே மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். மார்ச் 20ஆம் தேதி தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் மூன்றே வரிகளில் இருந்தது. தாழ்வான கார்களை ஓட்டுவோர் தாங்களே கவனமாக இருக்க வேண்டும் என்றும், வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகை உள்ளது என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களை இக்கடிதத்தில் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் அன்று நடந்ததைச் சொல்கிறேன். மாதச் சந்தாதாரர்களுக்கு முன்பு மூன்றாம் தளத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே சாயம் அடிக்கும் வேலை நடப்பதாகச் சொல்லி, மார்ச் 10ஆம் தேதி முதல் எங்களைத் தரைத்தளத்துக்கு மாற்றினீர்கள். முதல் இரண்டு நாளும் கட்டை உயரமாகத் தெரிந்ததால், அதற்கு முன்பாகவே காரை நிறுத்திக்கொண்டேன். அப்படி நிறுத்தினால் காரின் பின்பகுதி வண்டிகள் போகும் பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதால், மூன்றாம் நாள் காலை பணியிலிருந்த பாதுகாவலர், "இன்னும் உள்ள போங்க தம்பி, பின்னால வண்டி போகணும்" என்று கையசைத்துச் சொன்னார். அவர் வயதில் மூத்தவர். தமக்கு இடப்பட்ட உத்தரவைத்தான் செய்தார். இக்கடிதத்தைக் காரணம் காட்டி அவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் சொன்னபடி காரை மெதுவாக முன்னே விட்டேன். அடியில் இலேசாக உரசும் சத்தம் கேட்டது. அதையடுத்து முன்சக்கரங்கள் சற்றே இறங்கி நின்றன. சக்கரம் கட்டையைத் தொட்டுவிட்டது என்றே நினைத்து இஞ்சினை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் பின்னோக்கி எடுத்தபோதுதான், காய்ந்த மட்டையை முறிப்பது போன்ற ஓசை கேட்டது. இறங்கிப் பார்க்கையில், பம்பரின் இடப்பக்க முனை சக்கர வளைவிலிருந்து மூன்று விரல் அகலத்துக்கு விலகி, உள்ளே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பிடிமானம் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. கீழே இரண்டு கிளிப்புகள் உடைந்து கிடந்தன. அடித்தகடு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாதுகாவலரிடம் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டுதான், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து பிறையிலுள்ள வீடு சேர்ந்தேன்.

அடுத்த நாள் காலை அளவு நாடாவை எடுத்துப் போய் அந்த இடத்தை அளந்தேன். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவராவது இதைச் செய்திருந்தால் மார்ச் 20ஆம் தேதிப் பதில் வேறு விதமாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். கட்டையின் உயரம் நடுவில் 17 சென்டிமீட்டர். வலது ஓரத்தில் 18 சென்டிமீட்டருக்கும் சற்று மேல். அகலம் 12 சென்டிமீட்டர். கட்டைக்கு முன்னால் 70 சென்டிமீட்டர் தொலைவில், மழைநீர் ஓடுவதற்காக இரும்புச் சட்டம் போட்டு மூடிய வாய்க்கால் ஒன்று வரிசை நெடுகிலும் ஓடுகிறது. அந்தச் சட்டம் தரைமட்டத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. என் காரின் பம்பர் கீழ்விளிம்பு தரையிலிருந்து 15.5 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் நுனி வரை 85 சென்டிமீட்டர்.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் நடந்தது விளங்கிவிடும். கார் முன்னே போகும்போது, பம்பரின் விளிம்பு கட்டையின் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் அழுந்துகிறது. விளிம்பு முன்பக்கம் சரிவாக இருப்பதாலும், பம்பர் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கால் ஆனதாலும், அது உரசியபடி மேலேறி அப்பால் போய்விடுகிறது. முன்சக்கரம் வாய்க்காலுக்கு வந்து சேரும் நேரத்தில், பம்பரின் நுனி கட்டையின் முகப்பைத் தாண்டி 15 சென்டிமீட்டர் போயிருக்கும். அதாவது 12 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டையை முழுவதும் கடந்து அதற்குப் பின்னால் நிற்கும். அப்போது சக்கரம் சட்டத்தில் இறங்குவதால் காரின் மூக்கும் கூடவே இறங்கி, விளிம்பு கட்டைக்குப் பின்புறம் கொக்கி போல் அமர்ந்துவிடுகிறது. உள்ளே போகும்போது சரிவாக இருந்த விளிம்பு, திரும்பி வரும்போது செங்குத்தாக நிற்கிறது. வழுக்கி ஏற அதற்கு வழியில்லை. கார் பின்னே போகிறது, பம்பர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பம்பரைச் சக்கர வளைவோடு சேர்த்துப் பிடிப்பவை சில பிளாஸ்டிக் கிளிப்புகளும் ஒரு மெல்லிய பிடிமானமும்தான். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார் இழுக்கும் இழுப்பை அவை எப்படித் தாங்கும்?

சக்கரத்தைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட கட்டையை என் காரின் சக்கரம் ஒரு முறைகூடத் தொடவில்லை என்பதையும் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாய்க்காலில் சக்கரம் இறங்குவதை, கட்டையில் முட்டி நின்றதாகவே எந்த ஓட்டுநரும் எண்ணுவார். இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே உணர்வைத்தான் தருகின்றன.

தங்கள் பதிலில் "தாழ்வான கார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் கார், சுருள்வில்லை வெட்டித் தாழ்த்திய கார் அன்று. தொழிற்சாலையிலிருந்து வந்த அதே சுருள்வில், அதே அளவு டயர், அதே பம்பர். இந்நாட்டுச் சாலைகளில் நாள்தோறும் ஓடும் சாதாரணக் குடும்பக் கார்களில் மிகப் பல, முன்விளிம்பு தரைக்கு ஏறத்தாழ இதே உயரத்தில் இருப்பவை. பிரேக்கை அழுத்தும்போதும் பெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றும்போதும் அவை இன்னும் தாழும். 17 சென்டிமீட்டர் கட்டை வைத்துவிட்டு அதில் இடிக்கும் கார்களையெல்லாம் தாழ்வானவை என்று சொல்வது நியாயமாகாது. அந்த வரிசையில் இருக்கும் 22 கட்டைகளையும் நடந்து பார்த்தேன். 17 கட்டைகளின் மேல்விளிம்பில் உரசல் தடங்கள் உள்ளன. வெள்ளை, சிவப்பு, சாம்பல் என்று பல நிறச் சாயம் சிமெண்டில் தீற்றிக்கிடக்கிறது. தூணுக்கு அடுத்த கட்டையின் பின்னால், என்னுடையது அல்லாத கிளிப் ஒன்றும், நம்பர் பலகையின் ஓரத்திலிருந்து உடைந்த ஒரு துண்டும் கிடந்தன. இவையெல்லாம் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு, இரண்டு மாதத்துக்குள் ஏற்பட்ட தடங்கள்.

ஏனென்றால் அதற்கு முன்பு அங்கே இருந்தவை ரப்பர்க் கட்டைகள். அவற்றைத் திருகியிருந்த துளைகள் இன்னும் தரையில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தும் இயந்திரத்தின் அருகே பழைய ரப்பர்க் கட்டை ஒன்று மட்டும் கழற்றப்படாமல் நிற்கிறது. அதன் உயரம் 10 சென்டிமீட்டர். அந்த உயரத்தில், வாய்க்காலில் சக்கரம் இறங்கினாலும் என் காருக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும். ரப்பர்க் கட்டைகள் அடிக்கடி பெயர்ந்துவிடும், மாற்றுச் செலவு அதிகம் என்பதால் சிமெண்டுக்கு மாறியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது தங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் சிமெண்டாக மாற்றும்போது 7 சென்டிமீட்டர் கூட்டியதற்கு எந்தத் தேவையும் எனக்குத் தெரியவில்லை. சக்கரத்தை நிறுத்த 10 சென்டிமீட்டர் போதும் என்பதைப் பழைய கட்டைகளே அத்தனை ஆண்டுகள் காட்டியிருக்கின்றன.

கவனமாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. ஓர் ஓட்டுநர் எந்த வகையில் கவனமாக இருக்க முடியும்? கட்டைக்கு முன்பே நிறுத்தலாம். நிறுத்தினேன், உள்ளே போகச் சொன்னார்கள். காரைத் திருப்பிப் பின்பக்கமாக உள்ளே விடலாம். என் காரின் பின் பம்பர் முன்புறத்தைவிட நன்றாக உயர்ந்திருப்பதால் அதுவே எனக்குப் பாதுகாப்பு. ஆனால் அந்தச் சுவர் முழுவதும், முன்பக்கத்தை உள்ளே வைத்தே நிறுத்த வேண்டும் என்று மலாயில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். சுவருக்கு அப்பால் உள்ள கடைகளுக்குப் புகை போகிறது என்பது காரணமாக இருக்கலாம். அதில் நியாயமும் இருக்கலாம். எனினும், கட்டையின் உயரத்தையும் தாங்களே முடிவு செய்து, கார் எந்தப் பக்கமாக நுழைய வேண்டும் என்பதையும் தாங்களே விதித்து, எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதற்கும் ஆள் வைத்துச் சொல்லிவிட்டு, அதன் விளைவை மட்டும் வாடிக்கையாளரின் பொறுப்பு என்று ஒதுக்குவது எப்படிப் பொருந்தும்?

சொந்தப் பொறுப்பு என்ற அறிவிப்பு, திருட்டுக்கோ மற்றொரு வாகனம் மோதிவிட்டுப் போவதற்கோ சொல்லப்பட்டால் அதைப் பற்றிப் பேச இடமுண்டு. தாங்களே பதித்த பொருளால் நேர்ந்த சேதத்துக்கும் அதே பலகையைக் காட்டுவதை ஏற்க முடியாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் அதைச் செய்ய வேண்டும் என்கிறது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய தனிப்பகுதி ஒன்றும் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. மாதந்தோறும் கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் தருவது சேவை என்பதே என் நிலைப்பாடு.

இந்தக் கார் என் தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது தம் ஊழியர் சேமநிதியிலிருந்து வாங்கியது. கண் பார்வை குறைந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டார் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரே வாளியும் துணியுமாக வந்து கழுவுவார். பம்பர் பெயர்ந்த அன்று இரவு, வாசல் விளக்கில் கிழிந்த இடத்தைப் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கார்களை ஏற்றிச்சென்ற படகுச் சேவை 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்ட பிறகு, பிறையிலிருந்து தீவுக்குக் காரில் வருவோருக்குப் பாலத்தின் வழியே வருவதைத் தவிர வேறு வழியில்லை. பம்பரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அந்தக் காற்றில் பாலத்தின் மேல் வந்த அரை மணி நேரத்தை நான் எளிதில் மறக்க மாட்டேன். அது கழன்று பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் முன் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜெலுத்தோங்கில் உள்ள பட்டறையில் பிடிமானம், கிளிப்புகள், அடித்தகடு ஆகியவற்றை மாற்றி, பம்பரை ஒட்டிச் சாயம் அடித்ததற்கு 640 ரிங்கிட் செலவானது. பம்பரையே புதிதாக மாற்றலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். பழுதுபார்க்க முடிந்ததை மாற்ற வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அந்த 640 ரிங்கிட்டைத் தாங்கள் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்த வரிசையின் கட்டைகளை 10 சென்டிமீட்டருக்குக் குறைக்கவோ பழைய ரப்பர்க் கட்டைகளுக்குத் திரும்பவோ வேண்டும். தாழ்ந்து கிடக்கும் வாய்க்கால் சட்டத்தையும் தரைமட்டத்துக்கு உயர்த்த வேண்டும். அந்த வேலை முடியும் வரை, பின்பக்கமாக நிறுத்த விரும்புவோரைத் தடுக்கக் கூடாது என்று பாதுகாவலர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பணம் மட்டும் கிடைத்துக் கட்டைகள் அப்படியே இருந்தால் என் புகார் தீர்ந்ததாகக் கொள்ள மாட்டேன். நாளை அதே இடத்தில் வேறொருவர் கார் நிற்கும்.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் தருமாறு வேண்டுகிறேன். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்வேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அம்மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் வைக்க வேண்டிய தேவையும் இல்லை. அங்கே போகாமல் தங்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன், நான்கு ஆண்டுகளாக எனக்குத் தங்களிடம் வேறு எந்தக் குறையும் இருந்ததில்லை.

பட்டறை இரசீதையும், கட்டை, வாய்க்கால், பம்பர் ஆகியவற்றை அளவு நாடாவோடு எடுத்த 9 படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். படங்களில் ஐயம் இருந்தால், வேலை நாள்களில் காலை 7.45 மணிக்கு நான் அங்கே இருப்பேன். தங்கள் அலுவலர் ஒருவர் தரைத்தளத்துக்கு வந்தால் அவர் முன்னிலையிலேயே மறுபடியும் அளந்து காட்டுகிறேன். நாடா என் காரிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாதச் சந்தா வாடிக்கையாளர்
பிறை, பினாங்கு