நாட்டிங்காமில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

கூட்டத்தில் மேலதிகாரியிடம் முகத்துக்கு நேராகப் பேசிவிட்டதாகச் சொன்னாய். அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நான் வயிறாரச் சாப்பிட்டேன். பள்ளி மைதானத்தில் விசில் ஊதியே காலம் கழித்தவள் நான். வாயுள்ள பிள்ளைகளைக் கண்டு பயப்படும் பழக்கம் எனக்கு இல்லை. அதோடு, நீ குடியிருப்பது வாயால் பேர்போன ஒரு மனிதருக்குச் சிலை வைத்த ஊர். பிரையன் கிளஃப் யார் என்று அன்றைக்கு நீ கேட்டபோது பேச்சு வேறெங்கோ போய்விட்டது. இப்போது சொல்கிறேன்.

கால்பந்து ஆட்டக்காரராக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்தவர். 1962இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முழங்காலில் அடிபட்டது. அத்தோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான். மேலாளரானார். இரண்டாம் டிவிஷனில் கிடந்த டெர்பி கவுண்டி அணியை 1972இல் இங்கிலாந்தின் சாம்பியனாக்கினார். பிறகு உன் ஊரின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணி. 1977இல்தான் முதல் டிவிஷனுக்கு ஏறிய அணி, அடுத்த ஆண்டே சாம்பியன்; 1979, 1980 இரண்டிலும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை. இன்று கோடி கோடியாய்க் கொட்டும் கிளப்புகளும் இப்படி ஒன்றைச் செய்துகாட்டவில்லை. தன்னைப் பற்றி அவர் சொன்னது: தொழிலில் நான்தான் தலைசிறந்தவன் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் ஒருவருக்குள் இருந்தேன். இந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். யாருக்கும் வலிக்காத திமிர்.

டெர்பியின் தலைவர் சாம் லாங்சனுக்கு, தன் மேலாளர் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் ஓயாமல் பேசுவது பொறுக்கவில்லை. வாயைக் கட்டச் சொன்னார். கிளஃப் 1973 அக்டோபரில் வேலையையே தூக்கி எறிந்தார். பணம் போட்டவரை எதிர்த்துப் பேசி, அதற்கான விலையையும் தானே கொடுத்தார். ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அவரைத் திரும்பக் கேட்டுப் போராடியது சும்மா இல்லை.

லீட்ஸ் கதை வேறு. அந்த அணி முரட்டு ஆட்டம் ஆடுகிறது, கீழ் டிவிஷனுக்கு இறக்க வேண்டும் என்று எழுதியவரே 1974இல் அங்கே மேலாளராகப் போனார். வாங்கிய பதக்கங்களையெல்லாம் குப்பையில் போடுங்கள், நேர்மையாக ஜெயித்தவை அல்ல என்று சாம்பியன்களின் முகத்துக்கு நேரே சொன்னாராம். 44 நாள்தான் நீடித்தார். அந்தமுறை அவருடைய துணை மேலாளர் பீட்டர் டெய்லர் உடன் வரவில்லை. நல்ல ஆட்டக்காரனை மோப்பம் பிடிப்பவர் டெய்லர். கிளஃபை நிறுத்தவும் சிரிக்கவைக்கவும் தெரிந்தவரும் அவர்தான்.

அந்த டெய்லரையும் அவர் விடவில்லை. 1983இல் டெர்பியின் மேலாளராக இருந்த டெய்லர், கிளஃபிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபாரஸ்டின் ஆட்டக்காரர் ஜான் ராபர்ட்சனைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டார். வழியில் அவர் கார் நின்று கைகாட்டினால் ஏற்றிக்கொள்ளமாட்டேன், மேலேயே ஏற்றிவிடுவேன் என்று பத்திரிகைக்குச் சொன்னார் கிளஃப். 1990இல் டெய்லர் இறக்கும்வரை பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் தினம் எதிரெதிரே போய்வந்த அந்த ஏ52 சாலைக்கு இப்போது பிரையன் கிளஃப் வழி என்று பெயர். டெர்பிக்குப் போகும்போதெல்லாம் நீ அதில்தான் போகிறாய்.

எனக்கு மனம் ஆறாதது ஜஸ்டின் ஃபஷானு விஷயம். 1981இல் ஃபாரஸ்ட் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கிய இருபது வயதுக் கறுப்பினப் பையன். தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் கூடும் இடங்களுக்கு அவன் போவது தெரிந்ததும் கிளஃப் இழிவாகப் பேசினார், அணியோடு பயிற்சி செய்யவிடாமல் ஒதுக்கினார். லாங்சனிடம் மல்லுக்கு நின்ற அதே நாக்குதான். ஆனால் இங்கே எதிரில் இருந்தவன் திருப்பிப் பேச முடியாதவன்.

செல்சி கிளப்பின் மேலாளராக இருந்த மொரின்யோவிடமும் இதையே பார்த்தேன். தன்னைத் தானே ஸ்பெஷல் என்று சொல்லிக்கொண்டபோது ரசித்தேன். 2015இல், காயம்பட்ட ஆட்டக்காரருக்கு வைத்தியம் பார்க்க, நடுவர் கூப்பிட்டதால் மைதானத்துக்குள் ஓடிய தன் அணியின் மருத்துவர் ஏவா கார்னேரோவை அவர் எல்லார் முன்னும் திட்டினார். அந்தப் பெண் வேலையை விட்டார், வழக்கு வந்தது, மறு ஆண்டு செல்சி கிளப் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகு அவர் பேட்டிகளை நான் பார்ப்பதில்லை.

உன் மேலதிகாரி விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை. சம்பளம் கொடுப்பவனிடம் கணக்குக் கேட்டாய், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே தொலைபேசிப் பேச்சில், புதிதாகச் சேர்ந்த பையனின் ஆங்கிலத்தை எல்லாரும் சிரிக்கும்படி பேசிக்காட்டியதாகவும் சொன்னாய், பெருமையாக. அப்பாவுக்கு அது காதிலேயே விழவில்லை. எனக்கு விழுந்தது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

அம்மா