மறைந்த திரை இசைக் கலைஞர்களுக்கு அரசு ஒலிக் காப்பகமும் பெயர்ப் பதிவேடும் வேண்டி மனு

அனுப்புநர்:
பழைய திரைப்பாடல் ரசிகர்கள்,
மதுரை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: மறைந்த பாடகர்கள், பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், வாத்தியக் கலைஞர்கள் ஆகியோரின் ஒலிப்பதிவுகளையும் பெயர் விவரங்களையும் திரட்டிப் பாதுகாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் மதுரையில் மாதம் ஒருமுறை கூடிப் பழைய பாட்டுக் கேட்கிற ஒரு சின்னக் கூட்டம். பதிவு பெற்ற சங்கம் இல்லை. தலைவர், பொருளாளர் என்று யாரும் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர், மின்வாரிய ஊழியர், தையல் கடைக்காரர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என்று இருபது பேர் வருவார்கள். நினைவு நாள் என்றால் இன்னும் நாலு பேர் கூடுவார்கள். பிப்ரவரி 4 வாணி ஜெயராம், மே 25 டி.எம்.சௌந்தரராஜன், ஜூலை 14 எம்.எஸ்.விஸ்வநாதன், ஆகஸ்ட் 14 நா.முத்துக்குமார், செப்டம்பர் 12 ஸ்வர்ணலதா, செப்டம்பர் 25 எஸ்.பி.பாலசுப்ரமணியம், அக்டோபர் 17 கண்ணதாசன் என்று எங்கள் காலண்டரே தனி.

அந்தக் காலண்டரில் 2013ஆம் ஆண்டை எங்களால் மறக்கவே முடியாது. ஏப்ரல் 14 அன்று பி.பி.ஸ்ரீநிவாஸ் போனார். மூன்றே நாளில் டி.கே.ராமமூர்த்தி. மே 25 டி.எம்.எஸ்., ஜூலை 18 வாலி. நூறு நாளுக்குள் நான்கு பேர். ஒருவர் படத்துக்குப் போட்ட மாலை காய்வதற்குள் அடுத்தவர் படத்தைத் தேட வேண்டியிருந்தது.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறோம். காரைக்குடியில் கண்ணதாசனுக்கும், பட்டுக்கோட்டையில் கல்யாணசுந்தரத்துக்கும், உடுமலையில் நாராயணகவிக்கும் அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. 2023இல் சென்னை மந்தைவெளியில் ஒரு சாலைக்கு டி.எம்.எஸ். பெயர் வந்தது, அதே ஆண்டு எங்கள் ஊர் முனிச்சாலையில் அவருக்குச் சிலையும் வந்தது. நுங்கம்பாக்கம் காம்தார் நகர்ச் சாலை இப்போது எஸ்.பி.பி. சாலை. இதெல்லாம் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் இந்த மனுவில் நாங்கள் சிலையும் கேட்கவில்லை, சாலைப் பெயரும் கேட்கவில்லை. எதைக் கேட்கிறோம் என்று சொல்வதற்கு முன் எங்கள் கூட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஜூலை 14 அன்று, அறுபதுகளில் வந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். பல்லவி முடிந்து அக்கார்டியன் வரும் இடத்தில் கல்லூரிப் பெண், "இதை வாசிச்சது யாரு?" என்று கேட்டாள். நாற்பது, ஐம்பது வருடமாகக் கேட்டுவரும் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆளுக்கொரு செல்போனை எடுத்துத் தேடினோம். ஒரு செயலியில் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் மட்டும் இருந்தன. இன்னொன்றில் இசை எம்.எஸ்.விஸ்வநாதன் என்று இருந்தது. அது அவரும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிவதற்கு முன்பு இருவரும் சேர்ந்து போட்ட பாட்டு, ராமமூர்த்தியைக் காணோம். பாடலாசிரியர் என்ற இடம் காலி.

அப்போதுதான் கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "அந்த மாதிரிப் பாட்டுகள்ல வயலின் வரிசையில நானும் உட்கார்ந்திருக்கேன்" என்றார். சென்னையில் பல வருடம் வாசித்துவிட்டு இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், வயது 84. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்த காலம் அது. கடைசிச் சரணத்தில் ஒருவர் தப்பு விட்டாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் இதைச் சொல்லும்போது இடது கை விரல்கள் முழங்கால் மேல் தானாக நகர்ந்துகொண்டிருந்தன.

அடுத்த மாதம் தன் பழைய டைரிகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். எங்களுக்கு ஒரே பரபரப்பு. பிரித்துப் பார்த்தால் தேதி, ஒலிப்பதிவுக் கூடம், காலையா மாலையா, கைக்கு வந்த பணம், இவ்வளவுதான். பாட்டும் இல்லை, படமும் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். "நோட்ஸ் கொடுப்பாங்க, வாசிப்போம், வந்துடுவோம். எந்தப் படம்னு எங்களுக்கு யாருப்பா சொன்னா?" என்றார்.

நாங்கள் இந்த மனு எழுத உட்கார்ந்ததற்கு அந்த டைரிதான் காரணம். அவரிடம் தேதி இருக்கிறது, பாட்டு இல்லை. இசைத்தட்டுக் கம்பெனிகளின் பழைய பதிவேடுகள் எங்காவது மிஞ்சியிருந்தால் அவற்றில் பாட்டு இருக்கும், வயலின் வாசித்தவர் பெயர் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு பெயர் கிடைக்கும். ரசிகர்கள் போய்க் கேட்டால் எந்தக் கம்பெனி கதவைத் திறக்கும்? அரசு கேட்டால் திறக்கும்.

எங்கள் தலைமுறைக்குப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தது இலங்கை வானொலி. படம், பாடியவர், பாடலை எழுதியவர், இசை என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். மருதகாசி, தஞ்சை ராமையாதாஸ், கு.மா.பாலசுப்பிரமணியம் என்ற பாடலாசிரியர்கள் பெயரெல்லாம் எங்கள் காதில் விழுந்தது அப்படித்தான். இன்றைக்கு நல்ல பழைய பாட்டு என்றாலே கண்ணதாசன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வாலி எழுதியதையும் சேர்த்துத்தான். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பழைய படங்களின் டைட்டிலில் "பாடல்கள்" என்று ஒரே அட்டையில் நான்கு கவிஞர்கள், "பின்னணி" என்று ஒரே அட்டையில் ஏழெட்டுப் பேர். எந்தப் பாட்டு யாருடையது என்று தெரிந்துகொள்ள தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை விட்டால் வேறு வழியில்லை. அவையும் பலவற்றில் கவிஞர் பெயரே இருக்காது. இருக்கும் புத்தகம் கிடைத்தால் எங்களுக்குத் தீபாவளி.

இன்னொரு விஷயம். எஸ்.பி.பி. மறைந்தபோது நாற்பதாயிரம் பாடல்கள் என்று எல்லோரும் எழுதினோம், நாங்களும் பேனரில் போட்டோம். பட்டியல் கேட்டால் எங்களிடம் இல்லை. ஆனால் 2016இல் பி.சுசீலாவுக்கு கின்னஸ் அங்கீகாரம் வந்தபோது அதில் இருந்த எண் 17,695. அப்படிக் கடைசி இலக்கம் வரை எண்ணிச் சொல்ல முடிந்ததற்குப் பின்னால், வருடக்கணக்கில் உட்கார்ந்து பாட்டுப் பாட்டாகத் தொகுத்த ரசிகர்களின் உழைப்பும் இருக்கிறது. ஒரு பாடகருக்கு முடிந்தது மற்றவர்களுக்கும் முடியும். எஸ்.பி.பி. தன்னை அறிமுகப்படுத்திய எஸ்.பி.கோதண்டபாணியின் பெயரைத் தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வைத்தவர். அவருடைய ரசிகர்கள் ஒரு பட்டியல்கூடப் போடாமல் இருந்தால் எப்படி?

சரி, பெயர் ஒரு பக்கம். ஒலி இன்னொரு பக்கம். பழைய 78 சுற்று இசைத்தட்டு அரக்கு சேர்த்துச் செய்தது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் ஓடும், கை தவறினால் ஓட்டுச் சில்லுதான். எங்கள் தையல் கடைக்காரரின் அப்பா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் உறைகளைக் கரையான் தின்றுவிட்டது. தட்டுகள் மட்டும் தப்பின. நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம் பாதிக்கு மேல் உரிந்துபோய், பாடியவர் பெயரில் முன்னெழுத்து மட்டும் நிற்கிற தட்டும் அதில் உண்டு. படச்சுருளின் நிலை இன்னும் மோசம். அசிட்டேட் சுருள் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததுமே வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, இருக்கும்வரை பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

பட்டுக்கோட்டையார் 29 வயதில், 1959இல் மறைந்தார். அவர் பாடல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. வரிகள் பொதுச் சொத்து. அவற்றைப் பாடிய தட்டுகள் இப்படி யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்னூலாக்கி எல்லோரும் படிக்கத் தருகிறது. அதே மாதிரி திரைப்பாட்டு ஒலிக்கென்று அங்கே ஒரு பிரிவு வேண்டும். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அதற்கு ஒரு கிளை இருந்தால் தென்மாவட்டத்துக்காரர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம். கொண்டுவருபவரிடம் தட்டு, டேப், பாட்டுப் புத்தகம் எதுவானாலும் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு, விரும்பினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். தானமாகக் கொடுப்பவர்களும் நிறைய இருப்பார்கள், நாங்களே அப்படித்தான்.

பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும் என்று முன்பு ஒருவர் எங்களிடம் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தவரை அப்படி இல்லை. ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. எனவே 1964 வரை வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி, கண்ணதாசன் வரிகளுக்கு 2041 வரை இருக்கிறது. அவற்றை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. ஆனால் லாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமித்துவைக்க 2012 திருத்தம் இடம் தருகிறது. முதலில் சேமித்துவைத்தால் போதும். கேட்பதற்கு நூலகத்துக்கு வந்து உட்கார நாங்கள் தயார்.

இரண்டாவது, பெயர்ப் பதிவேடு. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மட்டுமல்லாமல் கோரஸ், வாத்தியக்காரர்கள், உதவி இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர் வரை சேர வேண்டும். தேசிய விருதைப் பலமுறை வாங்கி 2008இல் மறைந்த ஒலிப்பதிவாளர் எச்.ஸ்ரீதருக்கு நினைவு நாள் கொண்டாடுபவர்கள் எத்தனை பேர்? எங்கள் காலண்டரிலேயே போன வருடம்தான் சேர்த்தோம். யார் வேண்டுமானாலும் ஆதாரத்தோடு திருத்தம் அனுப்பலாம் என்று வைத்துவிட்டால் பாதி வேலையை ரசிகர்களே செய்துவிடுவார்கள். அப்புறம், பாட்டுச் செயலிகள் அந்தப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் போட வேண்டும் என்று அரசு ஒரு கடிதம் எழுதினாலே பெரிய உதவி.

இவை இரண்டும் மெதுவாக நடக்கிற காரியம், தெரியும். ஒன்று மட்டும் காத்திருக்காது. அந்த 84 வயதுப் பெரியவரைப் போல வாசித்த கைகள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. சென்னையில் உள்ள திரை இசைக் கலைஞர்கள் சங்கத்தோடு பேசி, இசைக் கல்லூரி மாணவர்களை அனுப்பி, ஒரு செல்போனை வைத்தாவது அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாட்டைப் போட்டுக் காட்டினால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவரின் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. எங்கள் பெரியவர் இதுவரை பதினொரு பாட்டுக்கு அப்படிச் சொல்லி, நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த அக்கார்டியன் பாட்டு அதில் இன்னும் சேரவில்லை.

இதே கோரிக்கையோடு முன்பு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, இது எங்கள் பிரிவு இல்லை என்று வேறொரு பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே பதில். எந்தப் பிரிவு என்பதையாவது தாங்கள் முடிவு செய்து, எங்களுக்கு ஒரு வரி தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தகவல் வந்தால் டிரங்குப் பெட்டி, பதினொரு பாட்டு எழுதிய நோட்டு, பெரியவர் சம்மதத்தோடு அவருடைய டைரிகளின் நகல் ஆகியவற்றை நாங்களே நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய திரைப்பாடல் ரசிகர்கள்

இடம்: மதுரை
நாள்: 25.09.2025

இணைப்பு: 1. உறுப்பினர்களின் கையொப்பங்கள். 2. எங்களிடம் உள்ள இசைத்தட்டுகள், பாட்டுப் புத்தகங்களின் பட்டியல். 3. டைரியின் இரண்டு பக்க நகல்.